பழசு என்று தீர்ப்பெழுதியவர் யார்?

"லேப்டாப் வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சா? அப்போ மாத்திடுங்க சார்." சர்வீஸ் கடைக்காரர் இதைச் சொல்கிறார். ஐடி கம்பெனியில் இருக்கும் மைத்துனர் சொல்கிறார். யூடியூபில் புதுப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் இளைஞர் சொல்கிறார். தீபாவளி சமயத்தில் நாளிதழின் முதல் பக்கத்தை முழுசாக வாங்கிக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் விளம்பரமும் சொல்கிறது. இத்தனை பேர் சொன்னபிறகு யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கணினி ஐந்து வருஷப் பொருள். அதற்குமேலும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் ஒன்று கஞ்சர், இல்லையென்றால் வேலைவெட்டி இல்லாதவர் என்பது படித்தவர்கள் மத்தியில் ஊறிப்போன கருத்து.

நான் அந்த இரண்டாவது ரகம். பிறர் வேண்டாம் என்று ஒதுக்கிய லேப்டாப்பைக் கழற்றி, துடைத்து, ஓடவைத்து, தேவைப்படுகிற யாருக்காவது கொடுப்பது என் பொழுதுபோக்கு. ஆகவே இந்த வழக்கில் நான் நடுநிலையாளன் இல்லை. ஆனால் ஐந்து வருஷக் கணக்கைப் போட்டவர் யார் என்று கேட்க நடுநிலை எதற்கு? ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

"வயசாயிடுச்சு, அதான் ஸ்லோ" என்கிறார்கள். வயதானால் எந்தப் பாகம் மெதுவாகும் என்று கேட்டால் பதில் வராது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய ப்ராசஸர் பத்து வருஷம் கழித்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடும். சிலிக்கனுக்கு மூட்டுவலி வராது. ரேமும் அப்படித்தான், கெட்டுப்போனால் கெட்டுப்போகும், கிழடு தட்டாது. தேய்கிற பாகங்கள் உண்டு. சுழலும் ஹார்ட் டிஸ்க், ஃபேன், ப்ராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் செம்புத் தகட்டுக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட், பேட்டரி, மூடியின் கீல். பழைய மாடல்களில் இவை அத்தனையையும் மாற்றலாம். மாற்றுவதற்கென்றே ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஆன்லைன் வகுப்பு எடுக்கும்போது அவருடைய லேப்டாப் பத்தே நிமிஷத்தில் கொதித்து, படம் உறைந்து, குரல் விட்டுவிட்டுக் கேட்கும். கடையில் கொடுத்தார். "மதர்போர்டு வீக் ஆயிடுச்சுக்கா, இதுல காசு போடாதீங்க. இதைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கோங்க, மூவாயிரம் கழிச்சுக்கறேன்" என்றார்களாம். "தம்பி, நீ ஒரு தடவ பாத்துடேன், அப்புறம் இஎம்ஐ போட்டுடறேன்" என்று என்னிடம் கொண்டுவந்தார். அடிமூடியைக் கழற்றினேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஃபேனுக்கும், காற்று வெளியேற வேண்டிய செம்புச் சீப்புக்கும் இடையே ஏழு வருஷத் தூசி ஒன்றாக அழுந்தி, தலையணையிலிருந்து பிய்த்த பஞ்சுபோல ஒரு பட்டையாக நின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே துண்டாக வந்தது. தகட்டைத் தூக்கினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. சூடு போக வழியில்லாதபோது ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் லேப்டாப் ப்ராசஸர்களில் பெரும்பாலானவை 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது இதைச் செய்யும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த மதர்போர்டு வீக் ஆகவில்லை, தற்காப்பு செய்துகொண்டிருந்தது. தூசியை எடுத்து, பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, புதுசாக ஒரு பட்டாணி அளவு வைத்து மூடியதும் சூடு எழுபதைத் தாண்டவில்லை. அக்கா போட இருந்த இஎம்ஐ நின்றது.

அந்தக் கடைக்காரர் பொய் சொன்னார் என்றுகூட நான் சொல்லமாட்டேன். அவர் திறந்தே பார்க்கவில்லை. ஏழு வருஷம் என்று கேட்டதுமே அவருக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது. நான் எதிர்ப்பது அந்தப் பழக்கத்தைத்தான். நோயைப் பார்க்காமல் ஆதார் கார்டில் பிறந்த தேதியைப் பார்த்து மருந்து எழுதுகிற பழக்கம் அது.

இதே கதை பெரிய அளவில் நடந்து, உலகமே பார்த்தது. 2017 டிசம்பரில் பழைய ஐபோன்களின் வேகம் குறைவதைப் பயனர்கள் எண்களோடு நிரூபித்தார்கள். புது பேட்டரி போட்டதும் அதே போன் பழைய வேகத்துக்குத் திரும்பியது. ஆப்பிள் ஒப்புக்கொண்டது: தேய்ந்த பேட்டரியால் போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் வழியாக வேகத்தைக் குறைத்தோம் என்றது. காரணம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லாதவரை மக்கள் என்ன நினைத்தார்கள்? போனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துப் புதுப் போன் வாங்கினார்கள். பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள், பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுக்க 2020இல் சமரசம் ஆனது. 29 டாலர் பேட்டரியில் தீர்ந்திருக்கவேண்டிய விஷயம்.

இனி ஹார்ட் டிஸ்க். பத்து வருஷத்துக்கு முந்தைய லேப்டாப் திறக்க மூன்று நிமிஷம் எடுக்கிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு அதன் குற்றவாளி, உள்ளே நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும் தட்டுதான். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக்கிடக்கும் சின்னக் கோப்புகளை எடுக்கும்போது அது விநாடிக்கு நூறு கோரிக்கைகளைத் தாண்டுவதே அபூர்வம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் கோரிக்கைகளைச் சமாளிக்கும். அளவு ஒன்றே, சொருகும் இடம் ஒன்றே. ஹார்ட் டிஸ்க்கை உருவிவிட்டு எஸ்எஸ்டியைச் சொருகி, 4 ஜிபி ரேம் பக்கத்தில் இன்னொரு 4 ஜிபி போட்டால், "இது என் லேப்டாப்தானா?" என்று சொந்தக்காரரே கேட்பார். இந்தக் காட்சியைக் காண்பதற்காகவே இந்தப் பொழுதுபோக்கை விடாமல் வைத்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

"சரி, அதெல்லாம் செஞ்சாலும் இப்ப வர்ற சாஃப்ட்வேர் இதுல ஓடாதே?" என்பது அடுத்த கேள்வி. இது நல்ல கேள்வி. ஆனால் கேட்கிறவர்கள் கவனிப்பதில்லை, கேள்வியிலேயே பதில் இருக்கிறது: மாறியது சாஃப்ட்வேர். அரட்டை அடிக்க ஒரு செயலி, குறியீடு எழுத ஒரு செயலி என்று ஸ்லாக், டிஸ்கார்ட், விஷுவல் ஸ்டூடியோ கோட் ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்குள் ஒரு முழு குரோமியம் உலாவியைச் சுமந்துகொண்டு வருகிறது. மூன்றையும் திறந்தால் மூன்று உலாவி. எழுதுகிற கம்பெனிக்கு அதனால் லாபம்: ஒரே நிரலை விண்டோஸுக்கும் மேக்குக்கும் லினக்ஸுக்கும் தரலாம். செலவு உங்கள் ரேமில் எழுதப்படுகிறது. ஒரு செய்தித்தளத்தில் எட்டுப் பத்தி படிக்க, பல மெகாபைட் விளம்பர நிரல் இறங்குகிறது. அந்தச் சுமையை இறக்க ஒரு விளம்பரத் தடுப்பான் போதும். யூபிளாக் ஆரிஜின் போட்ட ஃபயர்ஃபாக்ஸில் பழைய லேப்டாப் மூச்சு விடுவதை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம்.

வன்பொருள் பக்கம் அத்தனை வேகமாக வளர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 2011லிருந்து 2017 வரை இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் நான்கு கோரிலேயே நின்றன. மெல்லிய லேப்டாப்களுக்கான யூ வரிசை இரண்டு கோரைத் தாண்டியதே 2017இல் வந்த 8ஆம் தலைமுறையில்தான். ஆறு வருஷம் நோகாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆறு வருஷத்திலும் மக்கள் புது லேப்டாப் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எட்டாம் தலைமுறை என்றதும் விண்டோஸ் 11 ஞாபகத்துக்கு வரவேண்டும். "பழசு" என்ற தீர்ப்பு எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி கிடைக்காது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. 11க்குப் போகவேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் ஏறக்குறைய 8ஆம் தலைமுறைக்கு மேல் வேண்டும் என்றது மைக்ரோசாஃப்ட். 6ஆம், 7ஆம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 வசதி இருக்கிறது. ஆனாலும் கதவு சாத்தப்பட்டது. 7ஆம் தலைமுறையில் விதிவிலக்காக நுழைந்த லேப்டாப் ப்ராசஸர் ஒன்று உண்டு: கோர் ஐ7 7820எச்க்யூ. அது எதில் இருந்தது தெரியுமா? மைக்ரோசாஃப்ட்டே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியில். தன் கடையில் இருந்த சரக்குக்கு மட்டும் வயதாகவில்லை.

கேட்டபோது அவர்கள் கொடுத்த காரணம் நம்பகத்தன்மை. தகுதி பெறாத கணினிகளில் கெர்னல் முடங்குவது 52 சதவீதம் அதிகம் என்றார்கள். பயமுறுத்தும் எண். அதே அறிவிப்பிலேயே இன்னொரு எண்ணும் இருந்தது: தகுதி பெற்ற கணினிகளில் 99.8 சதவீதம் முடங்காத அனுபவம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தோராயமாகக் கணக்குப் போடுங்கள். முடங்குவது 0.2, அதைவிட 52 சதவீதம் அதிகம் என்றால் 0.3. அதாவது தகுதியில்லாத கணினியில் 99.7. இந்த 0.1க்காகக் கோடிக்கணக்கான கணினிகளை ஓரங்கட்டச் சொல்கிறார்கள்.

"ஆதரவு முடிந்தது" என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். விண்டோஸ் 10இன் ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்ற பதிப்புக்கு 2032 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. பில்லிங் இயந்திரம், மருத்துவக் கருவி, தொழிற்சாலை என்று பெரிய வாடிக்கையாளர்களுக்கு அது போகிறது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஒரு வருஷ நீட்டிப்பு. 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அவர்களுடைய மேகத்தில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். திருத்தம் எழுதுகிற வேலை நிற்கவே இல்லை. எழுதிய திருத்தத்தை உங்களுக்குத் தருவதா வேண்டாமா என்பதுதான் விவகாரம். இது பொறியியல் இல்லை, வியாபாரம். வியாபாரம் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை இயற்கை விதிபோல நமக்குப் பாடம் நடத்தவேண்டாம் என்கிறேன்.

இங்கேதான் பாதுகாப்பு வாதம் வரும். "பழைய மெஷின்ல நெட் பேங்கிங் பண்றது ரிஸ்க்." எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கொந்தி நிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. விண்டோஸ் எக்ஸ்பியைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களால் வந்த வினை என்றுதான் இன்றும் பலர் நம்புகிறார்கள். ஆனால் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் கணக்குப்படி பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 98 சதவீதம் விண்டோஸ் 7. அன்றைக்கு விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளிவந்துவிட்டது. மக்கள் அதை நிறுவவில்லை, அவ்வளவுதான். ஆபத்து இருந்த இடம் அப்டேட் செய்யாத கணினி. அது போன மாதம் வாங்கியதாகவும் இருக்கலாம்.

அப்டேட் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அது விண்டோஸிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்தான் மறுப்பு. 2012இல் வாங்கிய லேப்டாப்பில் இன்றைக்கு டெபியன் 13ஐ நிறுவினால், இன்று காலை வெளியான திருத்தம் இன்று மாலை உங்கள் கணினியில் இருக்கும். நீட்டித்த ஆதரவையும் சேர்த்தால் ஒரு பதிப்புக்கு ஐந்து வருஷம் திருத்தம் உண்டு. அது முடிவதற்குள் அடுத்த பதிப்பு, காசில்லாமல்.

ஓர் எல்லை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் குறைபாடு வெளிப்பட்டபோது பென்ரின் போன்ற பழைய தலைமுறைகளுக்கு மைக்ரோகோட் திருத்தம் தருவதில்லை என்று இன்டெல் கைவிரித்துவிட்டது. அவற்றில் பாட்டு கேட்கலாம், தட்டச்சு செய்யலாம். வங்கிக் கணக்கைத் திறக்கவேண்டாம். பென்டியம் 4 டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், நானே ஆட்டோ பிடித்து அனுப்பிவைப்பேன். அது குடிக்கும் மின்சாரத்துக்கும் கொடுக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. உப்பிய பேட்டரியையும் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக்கூடாது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் உள்ளே லித்தியம் பேட்டரி வீங்குகிறது என்று அர்த்தம், அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

ஆனால் நம் நாட்டில் மக்கள் உண்மையில் பணம் இழப்பது எங்கே? ஓடிபியைக் கேட்டு வாங்கும் போன் அழைப்பில். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று போலீஸ் உடுப்போடு வீடியோவில் வந்து மிரட்டுகிறவனிடம். பார்சல் வந்திருக்கிறது என்ற குறுஞ்செய்தியில் உள்ள ஏபிகே கோப்பில். இவை அத்தனையும் போன வாரம் வாங்கிய போனிலும் அழகாக வேலை செய்யும். புதுச் சாதனம் வாங்கினால் பாதுகாப்பு வந்துவிடும் என்று சொல்வது ஏமாற்றுக்காரனுக்குச் செய்கிற உதவி.

அடுத்தது மைத்துனர்களின் வாதம். "உன் நேரத்துக்கு விலை இல்லையா? ரெண்டு மணி நேரம் உக்காந்து ஃபேன் துடைக்கறதுக்கு அந்த நேரத்துல சம்பாதிச்சுப் புதுசே வாங்கலாமே?" மணிக்கணக்கில் பில் போடும் நிறுவனங்களில் வேலை பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்கும் பில் போடுகிற மனசு வந்துவிட்டது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு என் நேரத்தை யாரும் வாங்கத் தயாராக இல்லை. அதே மைத்துனர் அந்நேரம் சோபாவில் சாய்ந்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறார். அதற்கு அவர் எந்தக் கணக்கில் பில் எழுதுகிறார்? தோட்டம் போடுகிறவரிடம் "கத்தரிக்காய் கிலோ நாற்பது ரூபாய்தானே" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அநாகரிகம். லேப்டாப் கழற்றுகிறவனிடம் மட்டும் கேட்கலாம்.

தவிர, புதுசு வாங்குவதும் நேரம் தின்கிற காரியம்தான். பத்து வருஷப் படங்களைப் பழையதிலிருந்து மாற்றவேண்டும். ப்ரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் தேடவேண்டும். கம்பெனிக்காரன் முன்கூட்டியே ஏற்றி அனுப்பிய ஆன்ட்டிவைரஸ் சோதனைப் பதிப்பை நீக்கவேண்டும். பிரிண்டர் புதுசோடு பேசமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்த இரண்டு நாள் கணக்கில் வருவதில்லை.

மின்சாரம் மிச்சம் என்பார்கள். பழைய லேப்டாப் சராசரி 20 வாட், புதியது 8 வாட் என்று வையுங்கள். தினம் ஐந்து மணி நேரம் ஓட்டினால் வருஷத்துக்கு மிச்சமாவது சுமார் 22 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்றாலும் 132 ரூபாய். ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பின் விலையை இந்த மிச்சத்தில் மீட்டெடுக்கக் கொள்ளுப்பேரன் வரவேண்டும்.

சுற்றுச்சூழல் கணக்கு இதைவிட மோசம். ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் வெளியேற்றும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அது பெட்டியிலிருந்து வெளியே வரும் முன்பே, தயாரிப்பிலேயே வெளியேறிவிடுகிறது. தயாரிப்பாளர்கள் வெளியிடும் அறிக்கைகளே இதைத்தான் காட்டுகின்றன. பிறகு எத்தனை சிக்கனமாக ஓட்டினாலும் அந்தக் கடன் அடைவதில்லை. அடைகிற ஒரே வழி, அதே லேப்டாப்பை அதிக வருஷம் ஓட்டுவது. எக்ஸ்சேஞ்சில் போனது என்ன ஆகிறது என்று யோசித்திருக்கிறோமா? 2022இல் உலகம் உண்டாக்கிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம் என்கிறது ஐநா அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை. மீதியில் ஒரு பகுதி டெல்லி சீலாம்பூர் போன்ற இடங்களில், கையுறைகூட இல்லாமல் பலகையை அமிலத்தில் போட்டுச் செம்பும் தங்கமும் பிரிக்கிற தொழிலாளர்களிடம் போகிறது.

இனி லினக்ஸ். "நம்ம ஆளுங்களுக்கு அது ஒத்துவராது" என்று அலட்சியமாகச் சொல்கிறவர்கள் பாலக்காடு தாண்டிப் போய்ப் பார்க்கலாம். கேரள அரசுப் பள்ளிகளில் பதினைந்து வருஷத்துக்கும் மேலாகக் குனூ/லினக்ஸ்தான். 2019இல் புதுப் பதிப்பை ஏற்றியபோது 2 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கணினிகளுக்கு அது போனது. ஆசிரியர்களும் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள். அவர்கள் எல்லோரும் மென்பொருள் பொறியாளர்கள் இல்லை. தமிழ்நாட்டிலும் எல்காட் நிறுவனம் உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கில், தன் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றியது. தமிழ் தட்டச்சு வருமா என்பார்கள். வரும். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸின் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் இருக்கிறது; லிப்ரெ ஆஃபீஸ் மெனுவே தமிழில் கிடைக்கும்.

எதிர்ச்சாட்சியும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டிவிட்டு, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அங்கே தோற்றது நிர்வாகமும் அரசியலும்தான் என்று லினக்ஸ் அன்பர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, மற்றவர்கள் எல்லோரும் விண்டோஸில் இருக்கும்போது தனியாக நீந்துவது கஷ்டம். டாலியில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கும், ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்தும் ஸ்டூடியோக்காரருக்கும் லினக்ஸைப் பரிந்துரைக்கிற அசட்டுத் துணிச்சல் எனக்கு இல்லை. அவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும். ஆனால் வீட்டுக் கணினிகளில் முக்கால்வாசியின் வேலை என்ன? ப்ரவுசர், யூடியூப், மின்னஞ்சல், பிள்ளையின் ப்ராஜெக்டுக்கு நான்கு பக்கம் அச்சு. இதற்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளம்.

சொல்லப்போனால் பழைய கணினியை நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் நம் ஊரிலேயே நிறைய இருக்கிறார்கள், அவர்களை யாரும் டெக் ஆசாமி என்று சொல்வதில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் பேஜ்மேக்கர் 7 இன்னும் ஓடுகிறது. அது இருபது வருஷத்துக்கு மேல் பழைய மென்பொருள். அந்த மெஷினில் இணையம் இல்லை, ஆகவே அந்த வழியாக வைரஸும் வராது. முகூர்த்த மாதத்தில் அது ஒரு நாளைக்கு எத்தனை பத்திரிகை வடிவமைக்கிறதோ அதுதான் அதன் வேகம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் இது புதுச் செய்தி இல்லை. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் பெரிய கம்பெனிகள் குத்தகை முடிந்து தள்ளிவிட்ட திங்க்பேடும் லாடிட்யூடும் எலைட்புக்கும் அடுக்கடுக்காக இருக்கும். மூன்று வருஷக் குத்தகை முடிந்ததால் மட்டுமே வெளியே வந்தவை அவற்றில் பாதி. கீபோர்டில் எழுத்துகூடத் தேய்ந்திருக்காது. திங்க்பேடுகளைக் கழற்றுவது எப்படி என்று, எந்த ஸ்க்ரூ எத்தனை மில்லிமீட்டர் என்பதுவரை படம்போட்ட பராமரிப்புக் கையேட்டைத் தயாரிப்பாளரே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார். கழற்றத் தெரிந்தவன் கழற்றட்டும் என்று நினைத்த காலத்துப் பொருள்கள் அவை.

அந்தக் காலம் மங்கிக்கொண்டு வருவதுதான் எனக்கு உண்மையான கவலை. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். அதாவது ஐந்து வருஷக் கணக்கு இதுவரை வெறும் கருத்தாக இருந்தது. இனி அதைப் பொருளிலேயே பற்றவைத்து விற்கப்போகிறார்கள். அதோடு செயற்கை நுண்ணறிவு மையங்கள் சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து மெமரி விலை எகிறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் க்ரூசியல் பிராண்டையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கையில் இருப்பதைத் தூக்கிப்போடச் சொல்வதற்கு இதைவிடக் கெட்ட நேரம் சமீபத்தில் இருந்ததில்லை.

தமிழக அரசு 2011 செப்டம்பரிலிருந்து மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் இலவச லேப்டாப் கொடுத்தது. முதல் ஆண்டுகளில் வந்தவை 2 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்டவை. ஆனால் ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் ஸ்க்ரூ போட்டுக் கழற்றும்படி இருந்தன. பரணிலிருந்து இறக்கிய அவற்றில் சிலவற்றை நான் எஸ்எஸ்டி போட்டு ஓடவைத்திருக்கிறேன். தங்கை தம்பிகள் அவற்றில் கீபோர்டு பழகுகிறார்கள். இனி அரசு லேப்டாப் கொடுக்கும்போது டெண்டரில் மூன்று வரி சேர்த்தால் போதும்: ரேம் சாக்கெட்டில் இருக்கவேண்டும், பேட்டரி ஒட்டாமல் ஸ்க்ரூவில் நிற்கவேண்டும், உதிரி பாகமும் கழற்றும் கையேடும் ஏழு வருஷத்துக்குக் கிடைக்கவேண்டும். இது ஆகாயக் கோட்டை இல்லை. 2025 ஜூன் 20இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்றபிறகும் ஏழு வருஷம் உதிரி பாகம் தரவேண்டும் என்பது சட்டம். போனுக்கே முடியும் என்றால் லேப்டாப்புக்கு முடியாதா?

அரசு செய்யும்வரை, கடையில் நிற்கும் நாம் அந்த மூன்றையும் கேட்கலாம். "ரேம் கழட்ட முடியுமா தம்பி?" என்று கேட்டால் விற்பனைப் பையன் முழிப்பான். உள்ளே போய் மேனேஜரைக் கேட்டு வருவான். பத்துப் பேர் கேட்டால் மேனேஜர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கேட்பார்.